எண்ணெய் வற்றினால் எந்த நகரம் முதலில் தவிக்கும்?

உலகில் எண்ணெய்ப் பஞ்சம் வந்தால் எந்த நகரத்தில் உயிர் வாழ்வது மிகக் கடினமாக இருக்கும்? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ். வீட்டுக்கு இரண்டு கார், அலுவலகத்துக்கு நாற்பது கிலோமீட்டர், கடைக்குப் போகவும் கார் என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் நகரம் அது. பெட்ரோல் இல்லாவிட்டால் அங்கு யார் எங்கே போக முடியும்?

விடை சரிதானா என்று பார்க்கச் சோதிடம் தேவையில்லை. கடந்த சில பத்தாண்டுகளில் சில நகரங்கள் உண்மையாகவே எண்ணெயின்றித் தவித்திருக்கின்றன. சில வாரங்கள் தவித்தவை உண்டு; ஆண்டுக்கணக்கில் தவித்தவையும் உண்டு. அவற்றின் வரலாற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால், நாம் எதிர்பாராத ஓர் ஊரில் போய் நிற்போம்.

ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சம்

1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இஸ்ரேலுக்கும் எகிப்து, சிரியா நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. இஸ்ரேலுக்குத் துணைநின்றதற்காக அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் அனுப்புவதில்லை என்று அரபு நாடுகள் முடிவு செய்தன. அதுவரை பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெயின் விலை, 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. (ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர்.)

நெதர்லாந்து அரசு ஒரு வழி கண்டது. 1973 நவம்பர் 4-ஆம் நாள் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கார் ஓட்டக்கூடாது என்று ஆணையிட்டது. அந்த நாள்களில் எடுத்த படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அகன்ற நெடுஞ்சாலை நடுவே குதிரை வண்டி போகிறது. சிறுவர்கள் சக்கரக் காலணி கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். குடும்பம் குடும்பமாக மிதிவண்டியில் செல்கிறார்கள். 1974 ஜனவரித் தொடக்கத்தில் தடை நீங்கிற்று. சமதளமான நாடு, அருகருகே ஊர்கள், நல்ல இரயில், வீட்டுக்கு வீடு மிதிவண்டி. ஆம்ஸ்டர்டாம்வாசிகள் அந்த ஞாயிறுகளைத் திருவிழாவைப் போலக் கழித்தார்கள். அதைப் பஞ்சம் என்று அழைப்பதே சற்று மிகைதான்.

சிவப்பு வண்டிகள் ஓடிய நகரம்

இனி லாஸ் ஏஞ்சலிஸ். அந்த நகரம் காருக்காகவே பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. 1901-இல் ஹென்றி ஹண்டிங்டன் என்ற செல்வந்தர் தொடங்கிய 'பசிபிக் எலெக்ட்ரிக்' நிறுவனத்தின் மின்சார வண்டிகள் கடற்கரை முதல் மலையடிவாரம் வரை ஓடின. சிவப்பு நிறம் பூசிய அந்த வண்டிகளுக்கென, அதன் செழிப்பான நாளில் 1,600 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் இருந்தது. நகரம் பரந்து கிடப்பதற்கு முதற்காரணமே இந்த வண்டிகள்தாம். தண்டவாளம் போன இடமெல்லாம் வீட்டுமனைகள் விலைபோயின. கார்கள் பின்னர் வந்து அந்தப் பரப்பை நிரப்பின. கார்களின் நெரிசலில் சிக்கிச் சிவப்பு வண்டிகள் ஊர்ந்து சென்றன, நட்டம் பெருகியது, தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லாங் பீச் வரை சென்ற கடைசி வண்டியும் 1961-இல் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நகரத்தின் அடியிலேயே எண்ணெய் இருந்தது. 1892-இல் எட்வர்ட் டோஹனி என்பவர் ஊருக்குள் தோண்டிய கிணற்றிலிருந்து எண்ணெய் கிடைத்தது. வீட்டுக் கொல்லைகளில் எல்லாம் எண்ணெய்க் கிணறுகள் முளைத்தன. அப்படிப்பட்ட ஊர், 1979-இல் ஈரான் புரட்சியை ஒட்டி எண்ணெய் வரத்துக் குறைந்தபோது வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு மே மாதத்தில், வண்டி எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு நாள், இரட்டைப்படையாக இருந்தால் மறுநாள் என்று பெட்ரோலுக்கு முறை வைத்தார்கள். விடியற்காலையிலேயே வரிசை தெருமுனையைக் கடந்தது. சண்டைகளும் நடந்தன.

ஆனாலும் அந்த வரிசையில் நின்றவர்கள் வீடு திரும்பியபோது விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. கடையில் ரொட்டி இருந்தது. உணவு கொண்டுவரும் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சம் நீண்டிருந்தால் வேலைகள் போயிருக்கும், புறநகர் வீடுகளின் விலை சரிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் கார் ஓடாமற் போவதற்கும் அடுப்பு எரியாமற் போவதற்கும் இடையே தொலைவு அதிகம். போன தண்டவாளமும் முழுக்கப் போய்விடவில்லை. 1990-இல் லாங் பீச்சுக்கு மீண்டும் மின்சார இரயில் விட்டபோது, பெரும்பகுதியும் பழைய சிவப்பு வண்டியின் தடத்திலேயே விட்டார்கள்.

ஹவானா: ஓர் உண்மைச் சோதனை

அடுப்பே எரியாத நிலையைப் பார்க்க வேண்டுமானால் கியூபாவின் தலைநகரான ஹவானாவுக்குப் போக வேண்டும். 1990-இல் அங்கு இருபது லட்சம் மக்கள் இருந்தனர். உலக வரலாற்றில் ஒரு பெருநகரத்தின் எண்ணெய் இவ்வளவு விரைவாகப் பாதியாகிப் போன நிகழ்ச்சிகள் மிகச் சில.

கியூபா சோவியத் ஒன்றியத்துக்குச் சர்க்கரை அனுப்பி, மாற்றாக எண்ணெய் பெற்றுவந்தது. 1989-இல் அங்கிருந்து வந்த எண்ணெய் சுமார் 1 கோடியே 30 லட்சம் டன். சோவியத் ஒன்றியம் ஆட்டங்கண்டு 1991 இறுதியில் கலைந்தது. 1992-இல் அதில் பாதிகூட வரவில்லை. வெளிச்சந்தையில் வாங்கலாமென்றால் கையில் டாலர் இல்லை. அமெரிக்காவோ வணிகத் தடை விதித்திருந்தது. 1990-இலேயே அரசு, 'அமைதிக் காலத்தில் ஒரு தனிக் காலம்' என்று அறிவித்தது. போர் வந்தால் எப்படிச் சிக்கனமாக வாழ்வது என்று போட்டு வைத்திருந்த திட்டத்தைப் போர் இல்லாதபோதே நடைமுறைக்குக் கொண்டுவருகிறோம் என்பது அதன் பொருள். எண்ணெய்க்கு மாற்றாக இருக்கும் என்று நம்பிக் கட்டிவந்த ஹுராகுவா அணுமின் நிலையமும் 1992-இல் பாதியில் நின்றுபோயிற்று.

முதலில் பேருந்துகள் நின்றன. அரசு சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவண்டிகளை வரவழைத்தது. ஹவானா மக்களுக்கு மிதிவண்டிப் பழக்கமே கிடையாது. ஐம்பது வயதில் விழுந்தெழுந்து கற்றுக்கொண்டோர் பலர். சீன வண்டியோ கனமானது. ஹவானா விரிகுடாவுக்கு அடியில் ஒரு சுரங்கச் சாலை உண்டு. அதில் மிதிவண்டி விடக்கூடாது. எனவே இருக்கைகளைக் கழற்றிய பேருந்து ஒன்றில் ஆளும் வண்டியுமாக ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். மற்றொரு புதுமை 'ஒட்டகம்'. சரக்கு லாரியின் இழுவைப் பகுதிக்குப் பின்னால், நடுவில் தாழ்ந்து இரு முனையிலும் திமில் போல் உயர்ந்த நீண்ட பெட்டியைப் பூட்டி, ஒரே நடையில் முந்நூறு பேர் வரை அடைத்துச் சென்றனர். அந்த ஒட்டகங்கள் 2008 வரை ஹவானாத் தெருக்களில் ஓடின. சாலைச் சந்திப்புகளில் மஞ்சள் உடை அணிந்த அலுவலர்கள் நின்று, காலி இடத்துடன் வரும் அரசு வண்டிகளை நிறுத்தி, காத்திருப்போரை ஏற்றி அனுப்பினார்கள். இது எல்லா நாட்டுக்கும் ஏற்ற யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

போக்குவரத்துத் துன்பத்தை மக்கள் இப்படி ஒருவாறு சமாளித்தார்கள். இருட்டையும் சமாளித்தார்கள். கியூபாவின் மின்சாரம் பெரும்பாலும் எண்ணெயை எரித்தே உண்டாக்கப்பட்டது. ஆகவே நாளில் பாதி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் பல. மின்தடைக்கு ஸ்பானிய மொழியில் 'அபகோன்' என்று பெயர். இருட்டே வழக்கமாகிவிட்டதால், இடையில் விளக்கு வரும் சிறு பொழுதுக்கு 'அலும்ப்ரோன்' என்று மக்கள் வேடிக்கையாகப் பெயர் சூட்டினார்கள். 'வெளிச்சத் தடங்கல்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

தட்டில் இருந்த எண்ணெய்

சமாளிக்க முடியாதது உணவு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரு நகரத்தின் சோற்றுத் தட்டில் எவ்வளவு எண்ணெய் ஒளிந்திருக்கிறது என்பதை ஹவானாவைப் போல் வேறெந்த ஊரும் காட்டியதில்லை.

கியூபா மண்வளம் மிக்க நாடு. ஆனால் அந்த மண்ணில் பெரும்பகுதி கரும்புக்குப் போயிற்று. மக்கள் உண்ட உணவின் ஆற்றலில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. உள்நாட்டில் விளைந்ததும் டிராக்டர் உழுது, வெளிநாட்டு உரமிட்டு, டீசல் எஞ்சின் நீர் இறைத்து விளைந்தது. அறுவடையை நகருக்குக் கொண்டுவர லாரி. கெடாமல் வைக்கக் குளிர்பதன அறை. வீட்டில் சமைக்க மண்ணெண்ணெய். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் எண்ணெய் இருந்தது. உரம் வராததால் விளைச்சல் குறைந்தது. விளைந்ததிலும் ஒரு பகுதி ஏற்றிவர வண்டியின்றி வயலிலேயே அழுகியது. ஒருபுறம் காய் அழுகும், மறுபுறம் நகரம் பசித்திருக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த கலோரி 1980-களில் இருந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வயது வந்தோர் சராசரியாக ஐந்து கிலோ எடை இழந்தனர். உணவு குறைந்தது, உழைப்புக் கூடியது. பசித்த வயிற்றோடு கனத்த மிதிவண்டியை மிதித்தார்கள் அல்லவா?

1992-இல் மேற்குக் கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் ஒரு புதுமையான நோய் தலைகாட்டியது. பார்வையின் நடுப்பகுதி மங்கியது. சிவப்பும் பச்சையும் வேறுபாடு தெரியாமற் போயின. சிலருக்குக் கால்கள் மரத்தன. 1993-க்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். தொற்றுக் கிருமியோ, நச்சுப் பொருளோ என்றெல்லாம் ஐயம் எழுந்தது. பல நாட்டு அறிஞர்களும் ஆராய்ந்து கண்ட முடிவு எளிமையானது: பி வகை வைட்டமின்களின் குறைவு. இறைச்சி, முட்டை, பால், பயறு எல்லாம் குறைந்து, வயிறு நிரப்பச் சர்க்கரை மட்டும் மிஞ்சியிருந்தது. சர்க்கரையை உடல் பயன்படுத்தத் தயமின் என்ற பி1 வைட்டமின் தேவை. சர்க்கரை மிகுந்து தயமின் குறைந்தால் நரம்பு வாடும். புகை பிடிப்போருக்குத் தீங்கு இன்னும் அதிகம். பினார் டெல் ரியோவோ புகையிலைக்குப் பேர்போன மாகாணம். நாட்டு மக்கள் அனைவருக்கும் வைட்டமின் மாத்திரை வழங்கப்பட்டது. நோய் தணிந்தது, பெரும்பாலோர்க்குப் பார்வை திரும்பியது.

எண்ணெய்க் கப்பல் வராததால் கண் மங்கும் என்று 1989-இல் எந்த மருத்துவராவது சொல்லியிருப்பாரா?

பிற்காலத்தில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. எல்லோரும் மெலிந்து, எல்லோரும் நடந்து, மிதிவண்டி ஓட்டிய அந்த ஆண்டுகளைத் தொடர்ந்து, நீரிழிவாலும் இதய நோயாலும் இறப்போர் விகிதம் குறைந்தது என்று ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். மறுபடி எடை கூடியதும் நீரிழிவும் திரும்பி வந்தது. இதைப் பஞ்சத்தின் நன்மை என்று பாராட்டுவோரும் இருக்கிறார்கள். கண் மங்கியவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நகரத்துக்குள்ளேயே காய்கறி பயிரிடும் முயற்சியும் இப்பொழுதுதான் பரவியது. காலி மனைகளிலும் இடிந்த கட்டடங்களின் இடத்திலும் கல்லடுக்கி, தொட்டி போல் பாத்தி கட்டி, மக்கிய எருவும் மண்புழு உரமும் நிரப்பிக் கீரையும் தக்காளியும் வளர்த்தார்கள். 'ஆர்கனோபோனிகோ' என்று பெயர். லாரி வேண்டாம், குளிர்பதனம் வேண்டாம். பறித்த கீரை தெருவைக் கடந்தால் அடுப்பு. இத்தகைய தோட்டங்கள் ஹவானாவில் ஆயிரக்கணக்கில் எழுந்தன. வயல்களில் டிராக்டர் நின்ற இடத்தில் எருதுகள் திரும்பி வந்தன. எருதுக்கு ஏர் பூட்டத் தெரிந்த கிழவர்களைத் தேடிப் பிடித்து இளைஞர்களுக்குக் கற்பித்தார்கள்.

இந்தத் தோட்டங்களைப் பற்றி உலகமெங்கும் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். புகழ்ச்சிக்குத் தக்கதே. ஆனால் ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. கீரை வைட்டமின் தரும்; வயிறு நிரப்பும் கலோரி தராது. அரிசியும் கோதுமையும் கப்பலில்தான் வந்தாக வேண்டியிருந்தது. 1994 ஆகஸ்டு 5-ஆம் நாள் ஹவானாவின் கடற்கரைச் சாலையில் மக்கள் கொதித்தெழுந்தனர். அந்தக் கோடையில் சுமார் 35,000 பேர் மரக்கட்டையும் டயர்க் குழாயும் கட்டிய தெப்பங்களில் கடலைக் கடந்து அமெரிக்கா செல்ல முயன்றனர். அதே ஆண்டு அக்டோபரில், உழவர்கள் விளைபொருளைத் தாங்களே விலை வைத்து விற்கும் சந்தைகளை அரசு அனுமதித்தது. 2000-க்குப் பின் வெனிசுவேலாவிலிருந்து எண்ணெய் வந்தது, நிலைமை தேறிற்று. முற்றிலும் தேறியது என்று சொல்வதற்கில்லை. பழைய இயந்திரங்களும் எரிபொருள் குறைவும் சேர்ந்து, 2024 அக்டோபர் 18-ஆம் நாள் தீவு முழுவதையும் இருட்டில் ஆழ்த்தின.

பட்டினிச் சாவு மட்டும் பெருமளவில் நேரவில்லை. மிஞ்சிய எண்ணெயை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற முறை இருந்தது. பங்கீட்டு அட்டை இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கிணற்றடியில் யாழ்ப்பாணம்

ஹவானா பாதி எண்ணெயுடன் தவித்த அதே ஆண்டுகளில், நமக்கு அருகிலேயே ஓர் ஊர் ஏறத்தாழ எண்ணெயே இல்லாமல் வாழ்ந்தது. 1990 ஜூனில் ஈழப்போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல், டீசல், உரம், மின்கலம் முதலிய பல பொருள்கள் செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரமும் போயிற்று. இந்த நிலை 1995 வரை நீடித்தது.

அந்த நாள்களை வாழ்ந்தவர்கள் சொல்லும் செய்திகள் ஒரு பௌதிகப் பாடப் புத்தகம் போல் இருக்கும். பழைய ஆஸ்டின், மோரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் தீப்பற்றாது. ஆகவே சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பின்னால் புகை மண்டும். சிறிய ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, மெல்லிய நூலைத் திரியாக்கி எரித்தார்கள். மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். மிதிவண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தார்கள். நோயாளியையும் விறகையும் மிதிவண்டியே சுமந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. ஆனாலும் தண்ணீருக்குத் தவிப்பில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி, நன்னீர் இலேசானதால் அடியிலுள்ள உப்புநீரின் மேல் வில்லை போல் மிதந்து நிற்கிறது. வளவுக்கு வளவு கிணறு. சில மீட்டர் ஆழத்தில் நீர். மண்ணெண்ணெய் எஞ்சின் நின்றபோது வாளியும் துலாவும் கைகொடுத்தன. தோட்டப் பயிர் சுருங்கியது. உணவு விலை ஏறியது. குண்டுவீச்சுக்கு நடுவே துன்பம் சொல்லி முடியாது. ஆனால் எண்ணெய் இல்லாததால் குடிநீர் இல்லை என்ற நிலை வரவில்லை.

ஹவானாவிலும் இப்படி ஒன்று இருந்தது. மேலே சொல்லாமல் விட்டது அதுதான். பிரான்சிஸ்கோ தெ அல்பெயர் என்ற பொறியாளர் திட்டமிட்டுத் தொடங்கி, அவர் இறந்தபின் 1893-இல் முடிந்த ஒரு கால்வாய், வென்டோ ஊற்றுகளின் நீரை வெறும் சரிவினாலேயே ஹவானாவுக்குக் கொண்டுவருகிறது. எந்திரம் இல்லை, புவியீர்ப்புதான் பம்பு. நகரத்தின் மற்றப் பகுதிகளில் மின்சாரம் நின்றால் குழாயும் நின்றது. அல்பெயரின் நீர் மட்டும் எண்ணெயைக் கேட்கவில்லை.

தண்ணீரின் விலை, லிட்டர் டீசலில்

இப்பொழுது நம் முதல் கேள்விக்குத் திரும்பலாம். காருக்கு மாற்று உண்டு: கால், மிதிவண்டி, இரயில். உணவுக்கு மாற்று கடினம். ஆனால் உடல் சில மாதங்கள் குறைவைத் தாங்கும். தண்ணீரில்லாமல் சில நாள்கள்தாம். ஆகவே ஒரு நகரத்தின் தண்ணீர் எப்படி வருகிறது என்றே முதலில் கேட்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸையே எடுத்துக்கொள்வோம். வில்லியம் முல்ஹாலண்ட் 1913-இல் முடித்த 375 கிலோமீட்டர் நீள்கால்வாய் முழுக்கச் சரிவில் ஓடிவருகிறது. பின்னர் வந்த கால்வாய்கள் அப்படியல்ல. கொலராடோ ஆற்று நீரை ஐந்து நீரேற்று நிலையங்கள் மேலே தூக்குகின்றன. வடகலிபோர்னியாவிலிருந்து வரும் நீரை டெஹாச்சப்பி மலையடிவாரத்தில் உள்ள எட்மன்ஸ்டன் நிலையம் ஒரே மூச்சில் 587 மீட்டர் உயர்த்துகிறது. ஒரு கன மீட்டர் (1,000 லிட்டர்) நீரை அவ்வளவு உயரம் ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் வேண்டும். இந்த மின்சாரத்தை எண்ணெயிலிருந்து எடுக்கவில்லை என்பது லாஸ் ஏஞ்சலிஸின் நல்வாய்ப்பு.

கடல்நீரைக் குடிநீராக்க இதைப்போல் இரு மடங்கு, அதாவது 3 முதல் 4 யூனிட் தேவை. அந்த மின்சாரமும் டீசலிலிருந்து வருகிற ஊர் ஒன்று இருந்தால்?

இருக்கிறது. மாலத்தீவின் தலைநகர் மாலே. ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பவளத் தீவு. 2014-இல் அங்கு ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தனர். வயல் இல்லை, ஆறு இல்லை, காடு இல்லை. மீனைத் தவிர எல்லாம் கப்பலில் வரும். மின்சாரம் டீசல் எஞ்சின்களிலிருந்து; குடிநீர் அந்த மின்சாரத்திலிருந்து.

மாலேயிலும் முன்பு கிணறுகளே குடிநீர் தந்தன. பவள மணலுக்கு அடியில் யாழ்ப்பாணத்தைப் போலவே நன்னீர் வில்லை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ஆனால் இரண்டு சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை எத்தனை பேருக்குப் போதும்? மக்கள் பெருகப் பெருக, ஊறுவதைவிட இறைப்பது மிஞ்சியது, உப்பு ஏறியது, கழிவு நிலத்தில் கலந்தது. 1978-இல் வாந்திபேதி பரவியது. அதன்பின் மழைநீர்த் தொட்டிகள் கட்டினார்கள். 1988-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. சுகாதாரம் பெருகியது என்பதில் ஐயமில்லை. கிணறு மறக்கப்பட்டது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் ஒரு லட்சம் பேருக்கு 10,000 கன மீட்டர். ஒரு லிட்டர் டீசல் நல்ல எஞ்சினில் 3.5 முதல் 4 யூனிட் தரும். ஆக, ஒரு கன மீட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல். நகரம் முழுமைக்கும் நாளொன்றுக்கு 10,000 லிட்டர். லாஸ் ஏஞ்சலிஸில் 1979-இல் வரிசையில் நின்ற கார்களில் 200 கார்களின் தொட்டியை நிரப்ப இவ்வளவு வேண்டும்! எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று பார்த்தால் மாலே பட்டியலின் அடியில் நிற்கும். எண்ணெய்க்கு மாற்று என்ன என்று பார்த்தால் முதலில் நிற்கும்.

அவ்வளவு குறைந்த டீசலை எப்படியும் தேடிக் கொடுத்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணெய் குறையும்போது ஹவானாவைப் போல் பங்கீடு செய்தால், தண்ணீருக்கு முதலிடம் கிடைக்கும்; மாலே தாங்கும். கப்பலே வராமற் போனாலோ, ஆலை நின்றாலோ, கணக்கு நாள்களில் முடிந்துவிடும். இதற்கு ஒத்திகை போல் ஒரு நிகழ்ச்சி நடந்திருக்கிறது. 2014 டிசம்பர் 4-ஆம் நாள் மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்து மின்கம்பிகள் எரிந்தன. டீசலுக்குக் குறைவில்லை, கடலில் நீருக்குக் குறைவில்லை. ஒரு லட்சம் பேருக்குக் குடிநீர் இல்லை. மாலத்தீவு அரசு உதவி கேட்டது. இந்திய விமானப் படை விமானங்கள் புட்டி நீரை ஏற்றிக்கொண்டு பறந்தன. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி கொண்ட 'சுகன்யா' என்ற கடற்படைக் கப்பல் கொச்சிக்கு அப்பாலிருந்து விரைந்தது. இலங்கை, சீனா, வங்காளதேசம் ஆகிய நாடுகளும் உதவின. வீடுகளுக்குக் குழாய் நீர் ஒழுங்காக வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. விமானத்தில் தண்ணீர் கொண்டுவர எவ்வளவு எண்ணெய் எரிந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பாரசீக வளைகுடா நகரங்களின் நிலையும் இதைப் போன்றதே. குவைத்துக்கு முன்பு ஷட்-அல்-அரபு ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பல்களில் குடிநீர் வந்தது. 1953-இல் அரசின் காய்ச்சி வடிக்கும் ஆலை அமைந்தபின் கப்பல்கள் ஓய்ந்தன. 1991 போரில் கடலில் கொட்டிய எண்ணெய், கரையோரக் குடிநீர் ஆலைகளின் நீர்வாய்களை நெருங்கியபோது வளைகுடா முழுவதும் கலங்கியது. சவூதித் தலைநகர் ரியாத்தோ கடலிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக்கிய நீரை அங்கு ஏற்றவும் வேண்டும். இவை எண்ணெயின் மேலேயே உட்கார்ந்திருக்கும் நாடுகள். பஞ்சம் இவற்றைக் கடைசியில்தான் தொடும். மாலேக்கு அந்த வசதி இல்லை.

தூத்துக்குடிக்கும் மாலேக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் தோணிகள் அங்கே போவது நெடுங்காலத் தொழில். ஒரு காலத்தில் முழுக்கப் பாய்விரித்துச் சென்ற அந்தத் தோணிகளிலும் பின்னர் எஞ்சின் ஏறிவிட்டது. மாலேயின் நடுவில், பவளக் கல்லைச் செதுக்கி 1658-இல் கட்டிய பெரிய பள்ளிவாசல் இன்னும் இருக்கிறது. தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதற்காக வெட்டிய கிணறுகள் அதன் வளாகத்தில் உண்டு. மாலேயின் நிலத்தடி நீர் இப்பொழுது குடிக்க உதவாது.